பாதியில் நிறுத்திய அந்தப் படத்தை மறுபடி போடுங்கள்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கூட்டாளிகள் சேர்ந்து இரவில் பழைய படங்களாகப் பார்த்து வருகிறார்களாம். யாரோ நல்ல பிளாக் காமெடி என்று சொன்னதை நம்பி, 1944இல் வந்த 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' என்ற ஹாலிவுட் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, கதாநாயகன் கத்திக்கொண்டே இருக்கிறான், கொலையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள். இதை எப்படி ரசிப்பது? முதலில், இதற்குச் சிரிப்பது சரிதானா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, எனக்கு மிகவும் பிடித்த படம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கதையின் முடிவை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.

உங்கள் கூட்டாளிகள் எழுந்து போனதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படத்தின் முதல் பத்து நிமிடம் சுற்றி வளைத்துத்தான் வருகிறது. பேஸ்பால் மைதானத்தில் ஓர் அடிதடி, அப்புறம் திருமணப் பதிவு அலுவலகத்தில் ஒரு வரிசை. இவை மூல நாடகத்தில் இல்லாதவை, சினிமாவுக்காகச் சேர்த்தவை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்காரர்களைக் கிண்டல் செய்வதற்கு வேண்டுமானால் பயன்பட்டிருக்கும். நமக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கதை தொடங்குவது கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தப் பழைய வீட்டுக்குள் கேமரா நுழையும்போதுதான். அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கதை இதுதான். மார்ட்டிமர் புரூஸ்டர் ஒரு நாடக விமர்சகர். திருமணமே கூடாது என்று புத்தகம் எழுதியவர், அன்று காலை ரகசியமாகத் திருமணம் செய்துகொள்கிறார். தன்னை வளர்த்த இரண்டு அத்தைமாரிடம் சொல்லிவிட்டுத் தேனிலவுக்குப் புறப்படலாம் என்று அந்த வீட்டுக்கு வருகிறார். அபி, மார்த்தா என்ற அந்த இரண்டு கிழவிகளும் தெருவே மெச்சுகிற புண்ணியவதிகள். ஏதோ தேடப்போன மார்ட்டிமர், ஜன்னலடியில் பெட்டி போலச் செய்திருக்கும் இருக்கையின் மூடியைத் தூக்குகிறார். உள்ளே ஒரு பிணம். பதறிப்போய்ச் சொன்னால், அத்தைமார், "ஆமாம்ப்பா, எங்களுக்குத் தெரியுமே" என்கிறார்கள். துணைக்கு யாருமற்ற முதியவர்களுக்கு விஷம் கலந்த எல்டர்பெர்ரி ஒயினைக் கொடுத்து, அவர்களை நிம்மதியாக அனுப்பி வைப்பது அந்த அத்தைமார் செய்துவரும் தர்மம். இவர் பன்னிரண்டாவது ஆள்.

ஜோசப் கெஸ்ஸல்ரிங் 1939இல் எழுதிய நாடகம் இது. 1941 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறி, 1,444 காட்சிகள் ஓடியது. படத்தை இயக்கிய ஃபிராங்க் காப்ரா 1941 கடைசியிலேயே படப்பிடிப்பை முடித்துவிட்டார். ஆனால் மேடை நாடகம் ஓடி முடியும்வரை படத்தை வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். நாடகமோ ஓடிக்கொண்டே இருந்தது. அது 1944 ஜூனில் நின்ற பிறகு, செப்டம்பரில்தான் படம் வெளிவந்தது. எடுத்த படம் ஏறக்குறைய மூன்று வருடம் பெட்டிக்குள் காத்துக் கிடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், படமாக்கும் முன்பே பல மாத இரவுகளில் பார்வையாளர் முன்னால் தீட்டப்பட்ட சரக்கு இது. எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் சிரிக்கும், எந்தப் பார்வைக்கு மூச்சைப் பிடிக்கும் என்பதெல்லாம் மேடையில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அபியாக நடித்த ஜோசஃபின் ஹல், மார்த்தாவாக நடித்த ஜீன் அடேர், மார்ட்டிமரின் அண்ணன் டெடியாக நடித்த ஜான் அலெக்சாண்டர் ஆகிய மூவரும் மேடையில் அதே வேடங்களைப் போட்டவர்கள். நாடகத்திலிருந்து விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து நடித்தார்கள்.

ஆகவே ஒரே வீட்டுக்குள் நடக்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அந்த வீடுதான் மேடை. இராமநாதபுரம் சீமையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெவ்வேறு ஊரிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்தித்து 'வள்ளி திருமண'த்தை நடத்திக்காட்டுவார்கள். நாரதர் வாய் திறப்பதற்கு முன்பே வள்ளி என்ன பதில் வைத்திருக்கிறாள் என்று கூட்டத்துக்குத் தெரியும். கதை தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறோம். யார் எப்போது வருகிறார், வந்தவர் மற்றவரை எப்படிச் சமாளிக்கிறார் என்பதில்தான் நம் கண் இருக்கும். இந்தப் படத்தையும் அதே கண்ணோடு பாருங்கள்.

அந்தக் கூடத்தை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு வாசல் கதவு. மாடிக்குப் போகும் படிக்கட்டு. நிலவறைக்கு இறங்கும் ஒரு கதவு. சமையலறைக் கதவு. ஜன்னல், அதன் கீழே அந்தப் பெட்டி இருக்கை. படத்தின் சிரிப்பு முழுக்க இவற்றைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. யாராவது ஒருவர் போய் அந்த இருக்கைமேல் உட்காரும்போது உள்ளே யார் கிடக்கிறார் என்று நமக்குத் தெரியும், உட்கார்ந்தவருக்குத் தெரியாது. ஒரு பிணத்தை ஒரு வழியாக வெளியே கொண்டுபோகும்போது இன்னொரு வழியாக வேறொரு பிணம் உள்ளே வருகிறது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்ற கணக்கைத் தவறவிட்டால் படம் வெறும் இரைச்சலாகத் தெரியும். கணக்கைப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு கதவுக் கைப்பிடி அசையும்போதும் வயிறு பிசையும். கைப்பேசியை நோண்டிக்கொண்டே பார்த்தால் இந்தப் படம் கை கொடுக்காது.

டெடி விஷயத்தில் ஒரு விளக்கம் தேவை. இது தெரியாததாலேயே நம்மவர்கள் பலருக்கு அந்தப் பாத்திரம் புரியாமல் போகிறது. மார்ட்டிமரின் அண்ணன் டெடி, தன்னை அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் என்றே நம்பிக்கொண்டிருப்பவன். ரூஸ்வெல்ட் 1901 முதல் 1909 வரை ஜனாதிபதியாக இருந்தவர். அதற்கு முன் 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில், கியூபாவின் சான் ஹுவான் குன்றில் படையோடு ஏறித் தாக்கிப் பேர் வாங்கியவர். டெடிக்கு மாடிப்படிதான் அந்தக் குன்று. ஒவ்வொரு முறையும் "சார்ஜ்!" என்று முழங்கி, வாளை உருவுவதுபோல் பாவனை செய்துகொண்டு படியேறி ஓடுவது அதனால்தான். பனாமா கால்வாய் வேலை அமெரிக்கா கைக்கு வந்ததும் ரூஸ்வெல்ட் காலத்தில். அந்தக் கால்வாய்க்கு மதகு தோண்டுவதாக நினைத்துக்கொண்டு டெடி நிலவறையில் குழி தோண்டுகிறான். பனாமாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஏராளமான தொழிலாளிகள் இறந்தது வரலாறு. அத்தைமார் அதையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பிணத்தையும் 'மஞ்சள் காய்ச்சலில் செத்தவர், சீக்கிரம் புதைக்க வேண்டும்' என்று சொல்லி அவனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவனும் தேசத்துக்கான கடமையாக அதைச் செய்துவிடுவான். சேதுக் கால்வாய்ப் பேச்சைப் பல காலமாகக் கேட்டுவரும் பாம்பன்காரர்களுக்கு அந்தக் கால்வாய்க் கனவின் தீவிரம் உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

இனி முக்கியமான சேதி. மார்ட்டிமராக நடிக்கும் கேரி கிராண்ட் மேலிருந்து கண்ணை எடுங்கள். அத்தைமாரைப் பாருங்கள்.

பெரிய நட்சத்திரம் அவர்தான் என்பதால் நம் கண் அவரைத்தான் துரத்தும். அவரும் கண்ணை உருட்டுகிறார், தாவுகிறார், கத்துகிறார். ஆனால் படத்தின் உயிர் அந்த இரண்டு கிழவிகளிடம் இருக்கிறது. நம் ஊரில் வெயிலில் வந்தவரை ஒரு செம்பு பதநீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டாத அப்பத்தாக்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதே வாஞ்சைதான் அபி ஒயின் ஊற்றும்போது அவள் முகத்தில் இருக்கிறது. கொலைகாரியின் நடிப்பு என்பது அதில் ஒரு துளியும் இல்லை. ஜோசஃபின் ஹல்லின் குட்டைக் குட்டையான துள்ளல் நடையைக் கவனியுங்கள். விருந்தாளி வந்துவிட்டார் என்றால் அந்தக் காலுக்கு எவ்வளவு சந்தோஷம்! படத்தின் தொடக்கத்திலேயே அவர்கள் ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை கொடுக்கிறார்கள், போலீஸ்காரரின் நோயாளி மனைவிக்கு சூப் கொடுத்தனுப்புகிறார்கள். அந்த நல்ல மனசு உண்மையானது. அதே மனசோடுதான் இவ்வளவு பேரைக் கொன்றும் இருக்கிறார்கள்.

விஷத்தை ஏன் ஒயினில் கலந்தீர்கள் என்று மார்ட்டிமர் கேட்கும்போது வரும் பதில், தேநீரில் போட்டால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பது. பிறகு மார்த்தா பக்குவம் சொல்வாள்: ஒரு கேலன் ஒயினுக்கு ஒரு டீஸ்பூன் ஆர்சனிக், அரை டீஸ்பூன் ஸ்ட்ரிக்னின், ஒரே ஒரு சிட்டிகை சயனைடு. ஆர்சனிக் என்பது நம் ஊர்க் கதைகளில் வரும் வெள்ளைப் பாஷாணம். ஸ்ட்ரிக்னின் எட்டிக்கொட்டையில் இருக்கும் கசப்பு நஞ்சு. ஊறுகாய்க்கு உப்பு அளவு சொல்லும் குரலில் ஜீன் அடேர் இதைச் சொல்வார். குரல் ஏறாது, கண் சிமிட்டாது. அந்த ஒரு வசனத்துக்காகவே படத்தைப் போடலாம்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் அவர்களுக்கென்று ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். இறந்தவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அந்த முறைப்படி ஜெபம் செய்துதான் அடக்கம் செய்வார்கள். பொய் சொல்ல வேண்டி வந்தால் மனம் புண்படுகிறார்கள், 'நாங்கள் போய்ப் பொய் சொல்வோமா?' என்று. ஜோனத்தன் என்ற இன்னொரு அண்ணன் தான் கொன்ற ஒருவனின் பிணத்தோடு வந்து, அதையும் இங்கேயே புதைக்கலாம் என்னும்போது அவர்களுக்கு வரும் கோபத்தைப் பாருங்கள். யாரென்றே தெரியாத அந்நியனை நம் ஆட்கள் பக்கத்தில் படுக்க வைப்பதா என்று! கொலை அவர்களுக்கு உறுத்தவில்லை, மரியாதைக் குறைவு உறுத்துகிறது. பிளாக் காமெடி என்பதன் அடிப்படையை எனக்குப் புரிய வைத்தது இந்த இடம்தான். நல்ல பழக்கவழக்கம் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தும், நடுவில் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அந்த அத்தைமார் காட்டுகிறார்கள். அது சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

கேரி கிராண்ட் கத்துவதைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் உண்டு. தன் படங்களில் தனக்கே பிடிக்காத நடிப்பு இது என்று அவரும் பிற்பாடு சொல்லியிருக்கிறார். சில இடங்களில் மிகைதான், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த வீட்டில் பிணம் இருப்பதைக் கண்டு பதறுகிற ஒரே ஆள் அவர். மற்ற எல்லோரும் சாவதானமாக இருக்கிறார்கள். அவர் கத்தவில்லை என்றால் நாம் யாரோடு சேர்ந்து பதறுவது? அந்த மூடியைத் தூக்கிப் பார்த்து, மூடி, இரண்டு எட்டு நடந்து, பிறகுதான் பார்த்தது மூளைக்கு எட்டித் திரும்பும் அந்தத் தருணத்தில் அவர் வசனமே பேசவில்லை. அதைப் பார்த்தால் அவருடைய திறமை தெரிந்துவிடும்.

ஜோனத்தன் வந்த பிறகு படத்தின் வெளிச்சமே மாறும். சுவரில் நிழல்கள் நீளும். ஒளிப்பதிவாளர் சால் பொலிட்டோ இங்கே பேய்ப் படத்தின் இருட்டை அப்படியே கொண்டுவருகிறார். ஜோனத்தனின் முகத்தில் தையல் தழும்புகள். குடித்துவிட்டு அவனுக்கு அறுவைச் சிகிச்சை செய்த அவன் கூட்டாளி டாக்டர் ஐன்ஸ்டைன், அதற்கு முன் பார்த்த ஒரு பேய்ப் படத்தின் நினைப்பில், நடிகர் போரிஸ் கார்லாஃபின் முகத்தை இவனுக்கு வைத்துவிட்டார். 'நீ கார்லாஃப் மாதிரி இருக்கிறாய்' என்று யார் சொன்னாலும் ஜோனத்தன் கொலைவெறி கொள்வான். பிராட்வே மேடையில் இந்த வேடத்தைப் போட்டவர் யார் தெரியுமா? போரிஸ் கார்லாஃபேதான்! ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்து உலகமே அறிந்த அதே ஆள். அவர் வாயெதிரே அந்த வசனம் வரும்போது கொட்டகை அதிர்ந்திருக்கும். நாடகத்துக்குக் கூட்டம் சேர்ப்பவர் என்பதால் அவரை மட்டும் படத்துக்கு விடவில்லை. படத்தில் ரேமண்ட் மாஸி அந்த வேடத்தைப் போட்டார். நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் அந்த வசனத்தின் பாதி ருசி மேடையோடு போய்விட்டது. கார்லாஃப் கதையைக் கூட்டாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிரிப்பு திரும்பி வரும். டாக்டராக வரும் பீட்டர் லோர் எப்போதும் பயந்த கண்ணோடு ஜோனத்தனின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாரே, அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நாற்காலிக் காட்சி ஒன்று வரும். அதைத் தவற விடாதீர்கள். மார்ட்டிமர் நாடக விமர்சகர் அல்லவா. தான் பார்த்த ஒரு மட்டமான நாடகத்தைப் பற்றி ஏளனமாகச் சொல்கிறார். கொலைகாரர்கள் உள்ள வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்தும் அதில் வரும் நாயகன் அசட்டையாக நாற்காலியில் உட்காருவானாம், வில்லன் பின்னாலிருந்து வந்து கட்டிப்போடுவானாம். எப்படி உட்காருவான் என்று தானே உட்கார்ந்து காட்டுகிறார். பின்னால் ஜோனத்தன் திரைச்சீலைக் கயிற்றோடு நிற்கிறான். நாடகத்தைப் பழித்தவரை நாடகமே பிடித்துக் கட்டுகிறது. அப்புறம் வருகிற போலீஸ்காரர் ஓஹாரா காப்பாற்றுவார் என்று நினைத்தால், அவருக்கு நாடக ஆசிரியராகும் ஆசை. விமர்சகர் கட்டுண்டு, வாயடைக்கப்பட்டு, தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டதும் தன் நாடகக் கதையை முழுசாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். மேடையை நேசித்தவர்களால்தான் இப்படி எழுத முடியும். திரைக்கதை எழுதிய எப்ஸ்டைன் சகோதரர்கள் 'காசாபிளாங்கா'வுக்கும் எழுதியவர்கள். மேடையில் எது வேலை செய்ததோ அதில் அவர்கள் அதிகம் கை வைக்கவில்லை.

சிரிப்பது சரியா என்று கேட்டீர்கள். இதை நானும் நிறைய யோசித்திருக்கிறேன். இந்த நாடகத்துக்குத் தூண்டுதல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு நிஜ வழக்கு. கனெக்டிகட் மாநிலத்தின் வின்ட்சர் ஊரில் முதியோர் இல்லம் நடத்திய ஏமி ஆர்ச்சர் கில்லிகன் என்ற பெண், ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக 1916இல் கைதாகி, 1917இல் தண்டிக்கப்பட்டார். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. உண்மையில் ஸ்ட்ரிக்னின் உடம்பை முறுக்கி வலிப்பில் தள்ளும் கொடிய விஷம். யாரும் புன்னகையோடு சாக மாட்டார்கள். ஆனால் படத்தைக் கவனித்துப் பாருங்கள். நம் கண் முன்னால் விஷம் குடித்து ஒருவர்கூடச் சாவதில்லை. இறந்தவரின் வேதனை நமக்குக் காட்டப்படுவதே இல்லை. சிரிப்பு செத்தவர் மேல் விழாமல், உயிரோடு இருப்பவர்களின் அசட்டு நம்பிக்கை மேல் விழும்படி எழுதியிருக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இது தாண்டவில்லை.

இன்னொன்று. இந்த நாடகம் ஓடிய வருடங்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. லண்டனிலும் 1942 கடைசியில் தொடங்கி 1,337 காட்சிகள் ஓடியது. குண்டு விழுந்த நகரத்தில், மகனையோ கணவனையோ போர்முனைக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து இந்த அத்தைமாரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு மரணம் தெரியாததா? நம் துக்க வீடுகளிலும் ஒப்பாரி ஓய்ந்த ராத்திரியில், திண்ணையில் இருப்பவர்கள் இறந்தவரின் குறும்பைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறோம். யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. கடலுக்குப் போய்த் திரும்புகிற ஊர்க்காரர்களான உங்களுக்கு அது இன்னும் நன்றாகவே தெரியும்.

எனக்கு நெருடுகிற இடம் வேறு. மனநோயைப் படம் கையாளும் விதம். டெடியை அன்போடுதான் காட்டுகிறார்கள், ஆனால் மனநலக் காப்பகம் என்பதை வெறும் கேலிப்பொருளாக வைத்திருக்கிறார்கள். 'எங்கள் குடும்பத்தில் பைத்தியம் பரம்பரையாக ஓடுகிறது' என்ற வகை வசனங்கள் இன்று காதில் இடிக்கின்றன. ஏர்வாடிக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் நாம். 2001 தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் பலர் இறந்ததை மறக்க முடியாது. அந்தக் காட்சிகளில் என்னால் மனம் விட்டுச் சிரிக்க முடியவில்லை. உங்களில் யாருக்காவது அப்படித் தோன்றினால் அது நியாயமான உணர்வுதான்.

சரி, மறுபடி எப்படிப் பார்ப்பது? இரவில் பாருங்கள். பகலில் கடற்கரை வெளிச்சத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் நிழல்களெல்லாம் கரைந்துவிடும். பெரிய திரை இல்லாவிட்டாலும் டிவியில் போடுங்கள், கைப்பேசியில் வேண்டாம். பேச்சு மிக வேகம், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறும், ஆகவே ஆங்கில எழுத்து ஓடவிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராத கூட்டாளிகளுக்கு, ரூஸ்வெல்ட், கார்லாஃப் விவரங்களையும் பிணக் கணக்கையும் முன்னாடியே சொல்லிவிட்டால் போதும். மீதியை முகங்களே சொல்லிவிடும். தனியாகப் பார்க்க வேண்டாம். கூட்டத்துக்காக எழுதப்பட்டது இது. ஒருவர் சிரிப்பு அடுத்தவரைத் தொற்றும்போதுதான் அந்த இடைவெளிகள் நிரம்பும். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் கட்டாயம் உட்கார வையுங்கள். அத்தைமாரின் ஒவ்வொரு அசைவையும் அவர்கள் நம்மைவிட முன்னால் பிடித்துவிடுவார்கள்.

பார்த்து முடித்தபின் நாடகப் பிரதியைத் தேடிப் படியுங்கள். முதலில் படம், அப்புறம் பிரதி, இந்த வரிசை மாற வேண்டாம். நாடகத்தின் கடைசித் திரை இறங்கும் தருணமும் படத்தின் முடிவும் வேறு வேறு. மேடையில் கடைசியில் வருவது இன்னும் இருட்டானது. மார்ட்டிமர் தன் பிறப்பைப் பற்றித் துள்ளிக் குதித்துச் சொல்லும் வசனத்தையும் அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்காக மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தனிச் சுவை. ஜோசஃபின் ஹல்லைப் பிடித்துப்போனால் 1950இல் வந்த 'ஹார்வி'யைப் போடுங்கள். அதுவும் நாடகத்திலிருந்து வந்த படம், மேடையில் செய்த அதே வேடத்தைத் திரையிலும் செய்து ஆஸ்கர் வாங்கினார். நம்மவர் வேண்டும் என்றால் மேடையில் ஊர் ஊராக நடித்துவிட்டு 1954இல் எம்.ஆர். ராதா திரைக்குக் கொண்டுவந்த 'ரத்தக்கண்ணீர்' இருக்கிறது. அது வேறு வகைப் படம். ஆனால் பார்வையாளர் எப்போது சிரிப்பார்கள் என்று தெரிந்து வசனத்துக்கு இடம் விடுகிற மேடைக்காரரின் கணக்கை அதிலும் பார்க்கலாம். தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறதே தம்பி, மூன்றுக்குமே நேரம் போதும்.